அடிபட்டதுக்கு அப்புறம் மனசு சரியாகலன்னா அதுக்கும் நஷ்ட ஈடு கேக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க அக்கா ஓட்டிட்டு போன கார ஒரு வண்டி சைடுலருந்து இடிச்சுது. கால்ல ரெண்டு எடத்துல எலும்பு ஒடஞ்சு பிளேட் வெச்சாங்க, நாலு மாசத்துல எழுந்து நடந்துட்டாங்க. பாக்க வந்தவங்க எல்லாம் "பெரிய கண்டம், தப்பிச்சே"ன்னு சொல்லிட்டு போனாங்க. ஆனா அதுக்கப்புறம் யார் கார்ல ஏறுனாலும் அக்காவோட கால் தானா தரைய அழுத்தும், அவங்க உக்காந்திருக்கற சீட்ல பிரேக்கே கெடையாது, இருந்தாலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அழுத்திக்கிட்டே வருவாங்க, எறங்கும்போது தொடை மரத்துப் போயிருக்கும். நாங்க கிளைம் போட்டது காலுக்கு மட்டும்தான். மனசுக்கும் கேக்கலாம்னு எங்களுக்கு தெரியவந்தது ஒம்பதாவது மாசம். அந்த ஒம்பது மாசத்துல நாங்க விட்டதெல்லாம் நீங்க விடக்கூடாதுன்னுதான் இத எழுதறேன். நான் வக்கீல் இல்ல, ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற வேற, அதனால உங்க எடத்துல கேஸ் நடத்தற ஒரு வக்கீல்கிட்ட கண்டிப்பா பேசிடுங்க.

மனசுல பட்ட அடிக்கு நஷ்ட ஈடுன்னு தனியா ஒண்ணு இருக்கா?

இருக்கு. நெறைய நாட்டு சட்டத்துல ஒடம்புக் காயம் மாதிரியே மனக் காயமும் காயம்தான். இந்தியாவோட உச்ச நீதிமன்றம் 2011-ல ஒரு விபத்து தீர்ப்புல, காயம்பட்டவங்களுக்கு எந்தெந்த தலைப்புல இழப்பீடு கணக்கு பண்ணணும்னு வரிசையா சொன்னப்ப வலி, வேதனை, அதிர்ச்சின்னு சேத்து ஒரு தலைப்ப வெச்சாங்க. 1995-ல வந்த ஒரு தீர்ப்புலயே மன அதிர்ச்சி, ஒடம்பு அதிர்ச்சி ரெண்டுக்கும், இதுவரை பட்டதுக்கும் இனிமே படப்போறதுக்கும் சேத்து குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க.

ஆனா இந்த எடத்துக்கு சுலபமா வந்து சேரல. 1888-ல ஆஸ்திரேலியாவுலருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது அப்ப பிரிட்டிஷ் காலனிகளுக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த எடத்துக்கு, ஒரு கேஸ் போச்சு, ரயில்வே கேட்ட தப்பா தொறந்து விட்டதால ஒரு குதிர வண்டி ரயில்ல மாட்டப் பாத்து மயிரிழையில தப்பிச்சுது, அதுல இருந்த பொண்ணுக்கு கடுமையான அதிர்ச்சி, ஆனா ஒடம்புல எதுவும் மோதலன்னு சொல்லி ஒண்ணும் கெடையாதுன்னுட்டாங்க. அப்புறம் 1901-ல இங்கிலாந்துல ஒரு குதிர வண்டி கடைக்குள்ளயே பூந்துடுச்சு, உள்ள நின்ன கர்ப்பிணிப் பொண்ணு மேல படல, ஆனாலும் தனக்கே அடிபடும்னு பயந்து வந்த அதிர்ச்சிக்கு கேஸ் போடலாம்னு கோர்ட் ஒத்துக்கிச்சு. பிடிஎஸ்டின்னு, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொடர்ற மனப் பாதிப்புக்கு, இன்னிக்கு எல்லாரும் சொல்ற அந்த பேரு அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல ஏறுனதே 1980-லதான்.

அதுக்கு முன்னாடியும் மனுஷங்களுக்கு இது இருந்துச்சு. 1865 ஜூன் 9-ந் தேதி இங்கிலாந்துல ஸ்டேபிள்ஹர்ஸ்ட்டுங்கற எடத்துல ரயில் கவுந்து 10 பேர் செத்தாங்க, அதுல எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸும் இருந்தார், பெருசா காயம் எதுவும் இல்ல, எறங்கி அடிபட்டவங்களுக்கு தண்ணி குடுத்துட்டு இருந்தவர். ஆனா அதுக்கப்புறம் ரயில்ல போறப்ப திடீர்னு நடுங்கி சீட்டோட கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக்குவார்னு அவர் புள்ளைங்க சொல்லியிருக்காங்க. இத படிச்சப்ப எனக்கு அக்காவோட கால்தான் ஞாபகம் வந்துச்சு.

கொஞ்ச நாள் தூக்கம் வரல, பயமா இருந்துச்சு. இதுக்கும் கேக்கலாமா?

அதுக்கு மட்டும்னா தனியா பெருசா கெடைக்காது. விபத்துக்கு அப்புறம் பத்து பதினஞ்சு நாள் தூக்கம் கெடறது, படபடப்பு, அழுகை எல்லாம் யாருக்கும் வர்றதுதான், கூட ஒடம்புக் காயம் இருந்தா வலி வேதனைங்கற தலைப்புல அதையும் சேத்துப் பாப்பாங்க. தனியா மனக் காயம்னு கேக்கணும்னா பெரும்பாலும் டாக்டர் பேர் வெச்சு சொல்லக்கூடிய ஒரு பாதிப்பா இருக்கணும்: பிடிஎஸ்டி, டிப்ரஷன், பதற்றக் கோளாறு, குறிப்பிட்ட ஒண்ணுக்கான கடும் பயம் இதுமாதிரி. பிடிஎஸ்டின்னு சொல்ல அறிகுறிங்க ஒரு மாசத்துக்கு மேல நீடிக்கணும், அதுக்குள்ளன்னா உடனடி மன அழுத்தக் கோளாறுன்னு வேற பேர்ல சொல்வாங்க.

கனடா உச்ச நீதிமன்றம் மட்டும் 2017-ல கொஞ்சம் தாராளமா, நோய்க்கு பேர் இருந்தே ஆகணும்னு இல்ல, பாதிப்பு கடுமையாவும் நீண்ட நாளாவும் சாதாரண மனக்கஷ்டத்த தாண்டியும் இருக்குன்னு காட்டுனா போதும்னு சொல்லியிருக்கு. இருந்தாலும் நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் டாக்டர் எழுதிக் குடுத்த பேர் கையில இருந்தா பேச்சே வேற.

ஒடம்புல ஒரு கீறல் கூட இல்ல, ஆனா மனசு போச்சு. கேஸ் நிக்குமா?

பல எடத்துல நிக்கும். 1995-ல இங்கிலாந்துல ஒரு கார் விபத்து கேஸ், ஓட்டுனவருக்கு காயமே இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி இருந்து அடங்கியிருந்த ஒரு நீண்டகால களைப்பு நோய் அந்த அதிர்ச்சியில திரும்ப வந்து வேலைக்கே போக முடியாம ஆயிட்டார். ஒடம்புல அடிபடுற ஆபத்துல நேரடியா மாட்டுனவர்னா, அடி ஒடம்புல பட்டுச்சா மனசுல பட்டுச்சான்னு பிரிச்சுப் பாக்க வேண்டியதில்லன்னு அங்க உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் சொல்லிச்சு.

விமான விஷயம் தனி. சர்வதேச விமானங்களுக்கு பொருந்தற 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துல ஒடம்புக் காயம்னுதான் வார்த்தை இருக்கு, அதனால வெறும் மனக் காயத்துக்கு ரொம்ப நாளா கஷ்டமா இருந்துச்சு. 2022-ல ஐரோப்பிய நீதிமன்றம், மருத்துவ ரிப்போர்ட் வெச்சு நிரூபிச்சா, ட்ரீட்மென்ட் இல்லாம தீராத அளவுக்கு பாதிப்பு இருந்தா அதையும் சேத்துக்கலாம்னு சொல்லிடுச்சு.

நான் அடிபடல, என் கண்ணு முன்னாடி நடந்துச்சு. நான் கேக்க முடியுமா?

இது கஷ்டமான கேள்வி, மனசுக்கும் கஷ்டமான பதில். முடியும், ஆனா கட்டுப்பாடு நெறைய. 1989-ல இங்கிலாந்துல ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல நெரிசல்ல நெறைய பேர் செத்தாங்க, அத டிவில பாத்த சொந்தக்காரங்க, வேற பக்கம் உக்காந்து பாத்தவங்கன்னு பலர் கேஸ் போட்டாங்க. 1991-ல வந்த தீர்ப்பு போட்ட கோடுதான் அங்க இன்னிக்கு வரைக்கும் அடிப்படை: அடிபட்டவங்க கூட நெருங்கின பாச உறவு இருக்கணும், சம்பவ எடத்துலயோ அது நடந்த உடனேயோ இருந்திருக்கணும், தன் கண்ணால காதால உணர்ந்திருக்கணும், அடுத்தவங்க சொல்லிக் கேட்டா பத்தாது. "உடனே"ங்கறதுல கொஞ்சம் எடம் இருக்கு, 1982-ல ஒரு அம்மா, விபத்து நடந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடி, சுத்தம் கூட பண்ணாத நெலமையில தன் குடும்பத்த பாத்தாங்க, அவங்களுக்கு குடுத்தாங்க. ஆனா 2024 ஜனவரியில அதே நாட்டு உச்ச நீதிமன்றம், டாக்டர் நோய கண்டுபிடிக்காம விட்டதால பின்னால நடந்த சாவ நேர்ல பாத்த குடும்பத்துக்கு இந்த வழி கெடையாதுன்னுடுச்சு. எனக்கு இது நியாயமா படல, கண்ணு முன்னாடி அப்பா சாயறத பாத்த புள்ளைக்கு அது விபத்தா சிகிச்சைக் குறையான்னு என்ன வித்தியாசம். சட்டம் இப்படி இருக்குன்னு தெரிஞ்சு போங்க.

எலும்புக்கு எக்ஸ்ரே இருக்கு. மனசுக்கு எத வெச்சு நிரூபிக்கறது?

இதுதான் எல்லாத்துலயும் முக்கியம். மனசுக்கு எக்ஸ்ரே கெடையாது, அந்தந்த நாள்ல எழுதி வெச்ச எழுத்துதான் எக்ஸ்ரே. நாங்க தோத்த எடம் இதுதான்.

அக்காவோட ஃபைல எதிர்தரப்பு வக்கீல் பொரட்டிப் பொரட்டி பாத்தார். மூணாவது வாரம் செக்கப்புல "வேறு தொந்தரவு இல்லை". ஏழாவது வாரம் "நன்றாக உள்ளார்". ஏன்னா டாக்டர் "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டார், அக்கா "நல்லா இருக்கேன் டாக்டர்"ன்னாங்க. நம்ம வாயில அது தானா வர்ற வார்த்தை, யார் கேட்டாலும் அதத்தான் சொல்வோம், ஆனா டாக்டர் அத எழுதிட்டார், எழுதுனது ஃபைல்ல உக்காந்துடுச்சு. ராத்திரி மூணு மணிக்கு கண்ணாடி ஒடையற சத்தம் கேட்டு எழுந்து உக்காந்தது எந்தப் பக்கத்துலயும் இல்ல. ஒம்பது மாசம் கழிச்சு சைக்கியாட்ரிஸ்ட் பிடிஎஸ்டின்னு எழுதுனப்ப எதிர்தரப்பு கேட்ட முதல் கேள்வி, இருந்திருந்தா ஏன் இத்தன நாள் யார்கிட்டயும் சொல்லல?

அதனால எலும்பு டாக்டரா இருந்தாலும் சரி பல் டாக்டரா இருந்தாலும் சரி, போற எடத்துல எல்லாம் சொல்லுங்க. "நல்லா இல்ல டாக்டர், தூங்க முடியல, வண்டில ஏற முடியல, இத எழுதிக்கோங்க"ன்னு வாய்விட்டு கேளுங்க, எழுதுனாங்களான்னும் பாருங்க.

வீட்ல ஒரு நோட்டு போடுங்க. பெருசா எழுத வேணாம். "செவ்வா, ராத்திரி 2:40 எழுந்தேன், அதே கனவு, அப்புறம் தூக்கம் இல்ல. புதன், பஸ் ஏறல, நடந்தே போனேன், 40 நிமிஷம் லேட்." இப்படி தேதி போட்டு ரெண்டு வரி. நல்லா இருந்த நாளையும் எழுதுங்க, எல்லா நாளும் மோசம்னு எழுதுன நோட்ட எந்த ஜட்ஜும் நம்ப மாட்டார், நல்ல நாளும் இருக்கற நோட்டுதான் நெசமா தெரியும்.

கூட இருக்கறவங்க சாட்சி ரொம்ப பெருசு. புருஷனோ பொண்டாட்டியோ, கூட வேல பாக்கறவங்களோ, "முன்னாடி எப்படி இருந்தாங்க, இப்ப எப்படி இருக்காங்க"ன்னு சொல்றது. நான் குடுத்த வாக்குமூலத்துல அந்த கால் அழுத்தற விஷயத்தத்தான் சொன்னேன், எங்க வக்கீல் அப்புறம் சொன்னார், அது ரிப்போர்ட்டுக்கு நல்ல பலமா நின்னுச்சுன்னு. லீவ் லெட்டர், சம்பள ஸ்லிப், மருந்து பில், போக வர ஆன செலவு ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க.

சைக்கியாட்ரிஸ்ட் ரிப்போர்ட்ல என்ன இருக்கணும்?

நாலு விஷயம் இருக்கணும்: என்ன பாதிப்பு, அது இந்த சம்பவத்தாலதான் வந்துச்சா, தெனசரி வாழ்க்கைய எந்த அளவுக்கு கெடுக்குது, எவ்ளோ நாள்ல சரியாகும் அதுக்கு என்ன ட்ரீட்மென்ட் வேணும். ரெண்டாவதுதான் கேஸோட முதுகெலும்பு. சில டாக்டர்ஸ் 20 கேள்வி உள்ள ஒரு படிவம் குடுப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் 0-லருந்து 4 வரைக்கும் மார்க், மொத்தம் 80. அது உதவிக்குத்தான், அத மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க, நேர்ல பேசித்தான் எழுதுவாங்க. கவுன்சிலர் குடுக்கற லெட்டர் துணைக்கு நல்லது, ஆனா நோய்க்கு பேர் வெச்சு எழுத சைக்கியாட்ரிஸ்ட்டோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோ வேணும்.

எதிர்தரப்பு அவங்க டாக்டர்கிட்ட போக சொல்றாங்க. போகணுமா?

பெரும்பாலும் போயே ஆகணும், போகலன்னா கேஸயே நிறுத்தி வைக்கலாம். பயப்படாதீங்க, ஆனா ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. கூட்டி சொல்லாதீங்க, கொறச்சும் சொல்லாதீங்க. கூட்டி சொல்றத கண்டுபிடிக்கறதுக்குன்னே கேள்விங்க வெச்சிருப்பாங்க. நம்மள்ல நெறைய பேர் பண்றது கொறச்சு சொல்றது, அழக்கூடாதுன்னு பல்ல கடிச்சுக்கிட்டு "பரவால்ல, சமாளிக்கறேன்"ன்னு சொல்லிட்டு வந்துடறது, அது அப்படியே ரிப்போர்ட்ல வந்துடும். எப்படி சமாளிக்கறீங்கன்னும் சேத்து சொல்லுங்க: லைட்ட போட்டுட்டே தூங்கறேன், அந்த ரோட்ட விட்டு சுத்திப் போறேன்னு.

எனக்கு முன்னாடியே டிப்ரஷன் இருந்துச்சு. மறைச்சுடலாமா?

வேணவே வேணாம். பழைய மெடிக்கல் ரெக்கார்ட அவங்க கேட்டு வாங்குவாங்க, மறைச்சது வெளிய வந்தா நெசமா சொன்னதையும் நம்ப மாட்டாங்க. மறைக்க வேண்டிய அவசியமும் இல்ல. இடிச்சவர் இடிபட்டவர அவர் இருக்கற நெலமையிலயேதான் ஏத்துக்கணுங்கறது இங்கிலாந்து, இந்தியா மாதிரி நாடுகள்ல ரொம்ப பழைய கொள்கை. ஒருத்தருக்கு மண்டையோடு மெல்லிசா இருந்து சின்ன அடியில ஒடஞ்சுதுன்னா, உனக்கு ஏன் மெல்லிசா இருந்துச்சுன்னு கேக்க முடியாது. மனசுக்கும் அதேதான். ஆனா விபத்து இல்லன்னாலும் வந்திருக்கும்னு தெரியற பங்க கழிச்சுட்டு, விபத்தால கூடுன பங்குக்கு குடுப்பாங்க, அதனால முன்னாடி எந்த நெலமையில இருந்தீங்கன்னு காட்டற பழைய ரெக்கார்டே உங்களுக்கு உதவும்.

ஆறேழு மாசம் கழிச்சுத்தான் ஆரம்பிச்சுது. லேட் ஆயிடுச்சா?

தள்ளி வர்றது டாக்டர்களுக்கு புதுசு இல்ல, ஆறு மாசத்துக்கு அப்புறம் முழு அளவுக்கு வர்ற பிடிஎஸ்டிக்கு தாமதமா வெளிப்படற வகைன்னு தனியா பேரே இருக்கு. ஆனா கோர்ட்டோட கெடு அதுக்காக காத்திருக்காது. இங்கிலாந்துல பொதுவா 3 வருஷம், காயம் இருக்குன்னு தெரியவந்த நாள்லருந்தும் எண்ணலாம், கொழந்தைன்னா 18 வயசு ஆனதுக்கு அப்புறம்தான் எண்ண ஆரம்பிப்பாங்க. இந்தியாவுல வாகன விபத்துன்னா 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு 2019 சட்டத் திருத்தம் சொல்லுது. நெருக்கமா இருக்கற கெடுவ பாத்தீங்கல்ல, மனசு தெளியட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, மனுவ முதல்ல போட்டுட்டு ரிப்போர்ட்ட பின்னால சேக்க முடியுமான்னு வக்கீல கேளுங்க.

இன்சூரன்ஸ்ல இப்பவே ஒரு தொகை தர்றோம்னு கையெழுத்து கேக்கறாங்க.

அந்த பேப்பர்ல "முழுமையான இறுதித் தீர்வு"ன்னு இருந்தா அதுக்கப்புறம் கதவு மூடிடும், அடுத்த வருஷம் வேலையே போனாலும் திரும்பக் கேக்க முடியாது. கைச்செலவுக்கு கஷ்டம்னா இடைக்கால தொகை கேக்கற வழி நெறைய எடத்துல இருக்கு. மனசு எந்தப் பக்கம் போகுதுன்னு டாக்டர் ஒரு அளவுக்கு சொல்ற வரைக்கும் கையெழுத்து வேணாம்ங்கறது என் கருத்து.

எவ்ளோ கெடைக்கும்?

ஒரு நம்பர் சொல்றவங்கள நம்பாதீங்க. பட்ட வேதனைக்கு ஒரு தொகை, அது எவ்ளோ கடுமை எவ்ளோ நாள்ங்கறத பொறுத்து. அதுக்கு மேல போன சம்பளம், இனிமே போகப்போற சம்பளம், ட்ரீட்மென்ட் செலவு, உங்கள பாத்துக்க வீட்ல ஒருத்தர் வேலைய விட்டிருந்தா அது. உண்மையில பெரிய தொகை வர்றது பெரும்பாலும் வருமான இழப்புலதான், டிரைவர் வேல பாத்தவர் ஸ்டியரிங்க தொட முடியலன்னா அந்தக் கணக்கு எங்கயோ போயிடும். அதனால "எனக்கு பயமா இருக்கு"ன்னு நிறுத்தாம "பயத்தால இந்த ஷிஃப்ட் போகல, இந்த ப்ரமோஷன விட்டேன்"னு காகிதத்தோட காட்டுங்க. உங்க பக்கமும் கொஞ்சம் தப்பு இருந்தா அந்த சதவீதத்த கழிப்பாங்க.

ட்ரீட்மென்ட் எடுத்து சரியாயிட்டா கேஸ் வீக் ஆயிடுமே?

இத நெனச்சு ட்ரீட்மென்ட் எடுக்காம இருக்கறவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. முதல்ல உங்க வாழ்க்கை. அடுத்தது, பாதிப்ப கொறைக்க நியாயமான முயற்சி எடுக்கலன்னா அந்தக் காரணத்தாலயே தொகைய கொறைப்பாங்க. பிடிஎஸ்டிக்கு அதிர்ச்சிய மையமா வெச்ச சிபிடி தெரபியும் (பேசிப் பேசி நெனப்பையும் நடந்துக்கறதையும் மாத்தற சிகிச்சை), கண்ண அசைக்க வெச்சு பண்ற இஎம்டிஆர் தெரபியும் நல்லா ஆராய்ஞ்ச சிகிச்சைங்க, பெரியவங்களுக்கு சிபிடி பொதுவா 8-லருந்து 12 செஷன்னு இங்கிலாந்து வழிகாட்டுதல் சொல்லுது. அக்கா பதினோராவது செஷன் முடிஞ்சு வந்த அன்னிக்கு கார்ல பக்கத்துல உக்காந்து ஏதோ பேசிக்கிட்டே வந்தாங்க, நான் ஓட்டறத விட்டுட்டு அவங்க காலயே ஓரக்கண்ணால பாத்துட்டு இருந்தேன், ரெண்டு சிக்னலுக்கு அது அசையவே இல்ல. பட்ட மாசங்கள் எல்லாம் ரெக்கார்ட்ல இருக்கு, சரியானதால அது அழியாது.

ஃபேஸ்புக், இன்ஸ்டா எல்லாம் பாப்பாங்களா?

பாப்பாங்க. கல்யாணத்துல சிரிச்ச ஒரே ஒரு போட்டோவ எடுத்துட்டு வந்து இவங்களா வெளிய வர முடியாதவங்கன்னு கேப்பாங்க. அந்த போட்டோவுக்கு அப்புறம் கார் பார்க்கிங்ல உக்காந்து அழுதது படத்துல வராது. கேஸ் முடியற வரைக்கும் கொறச்சுக்கோங்க, ஆனா பழசையும் அழிக்காதீங்க, ஆதாரத்த அழிச்சீங்கன்னு வேற பிரச்சன வரும்.

தாக்குனவன் யார்னே தெரியல, இல்லன்னா அவன்கிட்ட பணமே இல்ல.

குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசாங்கமே குடுக்கற நிதி பல நாட்டுல இருக்கு, நியூசிலாந்து 1963-லயே இதுக்கு சட்டம் போட்டுடுச்சு. போலீஸ்ல புகார் இருக்கணும், கெடுவும் பெரும்பாலும் கொறச்சல்தான், அதனால முதல் வாரமே விசாரிங்க.

கோர்ட்ல நானே அத திரும்ப சொல்லணுமா?

நெறைய கேஸ் கோர்ட் வரைக்கும் போகாம பேச்சுவார்த்தையிலயே முடியுது. போனா சொல்ல வேண்டி வரலாம், அது கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். நடுவுல நிறுத்தி தண்ணி குடிக்க, வெளிய போயிட்டு வர அனுமதி கேக்கலாம், அத முன்கூட்டியே உங்க வக்கீல விட்டு சொல்ல வைங்க. சாட்சி சொல்ற நாளுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு தெரபி செஷன் வெச்சுக்கோங்க. இதுக்கு நடுவுல எப்பவாவது உயிரோட இருக்க வேணாம்னு தோணுச்சுன்னா கேஸ் ஃபைல மூடி வெச்சுட்டு அன்னிக்கே டாக்டர்கிட்டயோ ஹெல்ப்லைன்லயோ பேசுங்க, பக்கத்துல இருக்கறவங்கள எழுப்பி சொல்லுங்க. தேதி வாங்கற வேலைய வக்கீல் பாத்துக்குவார்.